நார்கொண்டத்தில் ஒரு கொசுவலை

நான் நார்கொண்டம் தீவுக்குப் போனது யாரோ ஒருவருக்குக் கால் முறிந்ததால்தான். அப்போது அந்தமானில், ரங்கத் என்ற ஊரில் வனத்துறை அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தேன். வரும் கடிதங்களைப் பதிவேட்டில் ஏற்றுவதும், போகும் கடிதங்களைத் தட்டச்சு செய்வதும் என் வேலை. வனத்துறையில் ஆறு வருடம் வேலை பார்த்தும் காட்டுக்குள் ஒரு மைல் நடந்ததில்லை.

மெயின்லேண்டிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்திருந்தார். நார்கொண்டத்தில் மட்டுமே வாழும் இருவாச்சிப் பறவைகளின் கூடுகளைக் கவனித்துக் குறிப்பெடுக்க வேண்டும், துறையிலிருந்து ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பது உத்தரவு. போகவேண்டிய வனக்காப்பாளர் ஒரு வாரம் முன்னால் பாலத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். ஆய்வாளர் ஒரு பெண். நானும் பெண், அதோடு விலங்கியல் படித்தவள். அதிகாரி என் மேஜைக்கு வந்து, "ஆப் ஜாயேங்கே?", போகிறீர்களா என்று இந்தியில் கேட்டார். யோசிப்பதற்கு முன்னால் வாய் "ஜீ சார்" என்று சொல்லிவிட்டது.

என் வீட்டுக்காரர் பக்கத்துத் தீவான லாங் ஐலண்டில் படகுத்துறையில் வேலை பார்த்தார். சனிக்கிழமை வந்தவரிடம் சொன்னபோது சாப்பாட்டிலிருந்து கையை எடுத்தார்.

"அங்க சிக்னல் கெடையாதே. கப்பல் எப்ப வரும் போகும்னு எவனுக்கும் தெரியாதே."

"மூணு வாரம்தானே."

"மூணு வாரம்னு அவங்க சொல்றாங்க. கடல் சொல்லணும்ல?" என்றவர் மறுபடி சோற்றில் கைவைத்து, "கொசுவலை எடுத்துக்க. மலேரியா வாங்கிட்டு வந்து நிக்காத" என்றார். நீல நிறத்தில் ஒரு புதிய கொசுவலையை அவரே கடைத்தெருவில் வாங்கி என் பையின் மேல் வைத்தார்.

போர்ட் பிளேருக்குப் பஸ், அங்கிருந்து ஒரு சிறிய கப்பல். வழியில் பாரன் தீவைக் கடந்தோம். அதன் உச்சியிலிருந்து சாம்பல் நிறப் புகை எழுந்து, காற்று அடித்த பக்கமெல்லாம் சாய்ந்தது. நார்கொண்டமும் எரிமலைதான், ஆனால் எப்போதோ அணைந்துபோனது. மறுநாள் காலையில் அது கடலுக்கு நடுவே பச்சைக் கோபுரம்போல் நேராக எழுந்து நின்றது. உச்சி மேகத்துக்குள் இருந்தது. மேலிருந்து கீழ்வரை மரம். மரம் முடிந்த இடத்தில் கறுப்புப் பாறை. பாறை முடிந்த இடத்தில் கடல்.

படகுத்துறை என்று ஒன்று அங்கே இல்லை. கப்பலிலிருந்து டிங்கி என்ற சிறு படகில் இறங்கி, அலை கரையைத் தொட்டுத் திரும்பும் அந்த நொடியில் குதிக்க வேண்டும். நான் ஒரு நொடி பிந்திக் குதித்தேன். கழுத்துவரை நனைந்து, உருண்டைக் கற்களில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு கரையேறினேன். காக்கி அரைக்கால் சட்டையும் பனியனும் போட்ட ஒருவர் என் கையைப் பிடித்து இழுத்தார். "போதும் போதும், வந்தாச்சு. தமிழா? நெனச்சேன். மூஞ்சிய பாத்தாலே தெரியுது. டென்ஷன் வேணாம், சாயா ரெடி" என்றார்.

அவர் அங்கிருந்த காவல் முகாமின் ஏட்டு. போர்ட் பிளேரில் லம்பா லைன் என்ற பகுதியில் பிறந்து வளர்ந்தவர், ஐம்பதைத் தாண்டியவர். முகாமில் ஏழெட்டுக் காவலர்கள் மாற்றி மாற்றி வந்து போனார்கள். அவர்களில் நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர் அவர்தான் என்பதால் சமையலறை அவர் கையில் இருந்தது. அவரை நான் அண்ணே என்று கூப்பிட்டேன்.

எங்கள் குழுவில் மூன்று பேர். ஆய்வாளர், நான், மாயாபந்தர் பக்கத்திலிருந்து வந்த, கரேன் இனத்தைச் சேர்ந்த ஓர் அங்கிள். காட்டில் எந்தப் பொந்தில் கூடு இருக்கிறது என்று கண்டுபிடிப்பவர் அந்த அங்கிள்தான். மிகக் குறைவாகப் பேசுவார், அதையும் இந்தியில் பேசுவார். ஆய்வாளர் கோயம்புத்தூர்ப் பெண், என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். முதல் நாள் நான் "மேடம்" என்று கூப்பிட்டதும் சிரித்துவிட்டார்.

"அக்கா, இங்க வந்தும் ஆபீசா? அதெல்லாம் வேண்டாங்க. பேசாம என்கூட வந்து உக்காந்து மரத்தப் பாருங்க, போதும்."

அவர் சொன்னது உண்மை. அங்கே வேலை என்பது உட்கார்ந்து பார்ப்பதுதான். விடிந்ததும் அங்கிள் முன்னால் நடப்பார். முகாமிலிருந்து ஓடையை ஒட்டி மேலே ஏறினால் முக்கால் மணி நேரத்தில் ஒரு பெரிய மரம். தரையிலிருந்து மூன்று ஆள் உயரத்தில் அதில் ஒரு பொந்து. பொந்தின் வாய் எச்சத்தாலும் பழச்சக்கையாலும் பூசி அடைக்கப்பட்டு, விரல் அகலத்துக்கு ஒரு பிளவு மட்டும் இருந்தது. உள்ளே பெண் பறவை தன்னைத்தானே அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குஞ்சு பொரித்து இரண்டு வாரம் இருக்கும் என்றார் ஆய்வாளர். குஞ்சின் கீச்சொலி சில நேரம் எங்களுக்குக் கேட்கும். வெளியிலிருந்து உணவு கொண்டுவர வேண்டியது ஆண் பறவை.

முதன்முறையாக அது வந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பறவையைப் பார்ப்பதற்கு முன் சத்தம் வந்தது. யாரோ பெரிய துணியை உதறி உதறிக்கொண்டு நடந்துவருவது மாதிரி. பிறகு கிளைகளுக்கு நடுவே செம்பழுப்புக் கழுத்தும் கறுப்பு உடலும் வெள்ளை வாலுமாக வந்து பொந்தின் விளிம்பைப் பற்றியது. தலையை ஆட்டித் தொண்டையிலிருந்து அத்திப்பழம் ஒன்றை மேலே கொண்டுவந்து, மூக்கின் நுனியில் வைத்துப் பிளவுக்குள் நீட்டியது. உள்ளேயிருந்து ஒரு மூக்கு நுனி வந்து வாங்கிக்கொண்டது. இன்னொன்று. இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் நான் நோட்டில் ஒரு கோடு போட்டேன். இருபத்தாறு கோடு.

அந்த ஆணின் மூக்குக்கு மேலிருந்த புடைப்பில் ஓர் ஓரம் உடைந்திருந்தது. அதனால் அதை எங்கே பார்த்தாலும் எங்களுக்கு அடையாளம் தெரியும். ஏறக்குறைய மணிக்கு ஒரு தடவை வரும். இடைப்பட்ட நேரத்தில் நானும் ஆய்வாளரும் பாறைமேல் உட்கார்ந்து மற்றதையெல்லாம் பார்ப்போம். எங்கள் டிபன் டப்பாவை மோப்பம் பிடித்து வரும் உடும்புகள், மரப்பட்டையில் பச்சைச் சாயம் சிந்தியதுபோல் ஒட்டியிருக்கும் பல்லிகள், அத்திமரத்தில் கூட்டமாக வந்து இறங்கும் பெரிய புறாக்கள். ஆய்வாளர் மெல்லிய குரலில் தன் ஊரைப் பற்றிச் சொல்வார். நான் ரங்கத்தைப் பற்றிச் சொல்வேன். பேசிக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேல் அந்தத் துணி உதறும் சத்தம் கேட்கும். இருவரும் சட்டென்று வாயை மூடுவோம். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் உட்கார்ந்திருந்த நாட்கள் வேறில்லை.

இரண்டாவது வாரம் ஒரு நாள் மழை பெய்து ஓய்ந்தது. என் கொசுவலையில் பூஞ்சை வாடை அடித்தது. மத்தியானம் சாப்பிட முகாமுக்கு இறங்கியபோது அதைத் துவைத்தேன். சமையலறைக்குப் பின்னால் பப்பாளி மரங்கள் நான்கு இருந்தன. இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி, காற்றில் பறக்காமல் நான்கு மூலையையும் இழுத்து முடிச்சுப் போட்டுக் காயவிட்டேன். பப்பாளிப் பழம் கொத்த இருவாச்சிகள் அங்கே வருவதை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அன்றைக்கு அது எனக்குத் தோன்றவே இல்லை.

சாயங்காலம் திரும்பி வந்தபோது கயிறு மட்டும் இருந்தது.

"அண்ணே, கொசுவலையக் காணோமே?"

ஏட்டு அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "காத்து அடிச்சிதில்ல. கடலுக்குப் போயிருக்கும். என்னோடத எடுத்துக்கம்மா. எனக்குக் கொசு கடிச்சா உறைக்காது."

நான் நம்பினேன். காற்று அடித்தது உண்மைதான்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கூட்டுக்கு முன்னால் உட்கார்ந்தோம். ஏழு ஆனது. எட்டு ஆனது. ஆண் பறவை வரவில்லை. பத்து மணிக்கு ஆய்வாளர் அங்கிளைப் பார்த்தார். அங்கிள் எழுந்து அத்திமரங்கள் இருக்கும் பக்கமாகப் போய்விட்டு வந்து தலையை ஆட்டினார். மூக்கு உடைந்த பறவையை எங்கும் காணவில்லை. மத்தியானம் வரை நோட்டில் ஒரு கோடுகூட இல்லை. உள்ளே குஞ்சு கத்திக்கொண்டே இருந்தது.

"நாம பழம் வெச்சா என்னங்க?" என்று கேட்டேன். "ஒரு கம்புல குத்தி நீட்டினா வாங்காதா?"

"வாங்காது அக்கா. நாம கிட்ட போனா அது பயத்துல வெளிய வந்துரும். இப்ப வெளிய வந்தா குஞ்சு அவ்வளவுதான்." அவர் குரல் உறுதியாக இருந்தது, ஆனால் பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். "கழுகு எதுவும் அடிச்சிருக்கலாம். நோயா இருக்கலாம். நமக்குத் தெரியாது. எழுதிக்கத்தான் முடியும்."

அதற்கு மறுநாளும் அப்படியே. பத்தரை மணிக்கு ஒரு புதிய சத்தம் வந்தது. டொக், டொக் என்று யாரோ சுவரைத் தட்டுவதுபோல. பெண் பறவை உள்ளேயிருந்து அடைப்பைக் கொத்தத் தொடங்கியிருந்தது. காய்ந்த பூச்சு உள்ளங்கை அளவுக்கு உடைந்து கீழே விழுந்தது. அங்கிள் அதைக் காட்டி, "பூக் லகா ஹை" என்றார். பசி. அவர் அன்று சொன்னது அந்த ஒரு வார்த்தைதான்.

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு முகாமுக்கு இறங்கினேன். உண்மையிலேயே வலித்தது. மாத்திரைக்குத் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குள் போனபோது, பக்கத்து ஸ்டோர் அறையில் ஏதோ அடித்துக்கொள்ளும் சத்தம். கதவைத் தள்ளினேன். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு பெரிய பிரம்புக் கூடை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மேலே ஒரு சாக்கு. பக்கத்தில் வெட்டிய பப்பாளித் துண்டுகள். கூடையின் இடுக்கு வழியே ஒரு சிவந்த கண் என்னைப் பார்த்தது.

ஏட்டு எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

"உன் வலையில மாட்டிக்கிச்சும்மா" என்றார். "அன்னிக்குச் சாயங்காலம் நீங்க எறங்கி வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாலதான். நான் வர்றதுக்குள்ள நல்லாச் சுத்திக்கிச்சு. பிளேடு போட்டு வலைய அறுத்து எடுத்தேன். றெக்கை தொங்கிப்போச்சு. விட்டுப் பாத்தேன், பறக்கல. உடும்பு கண்ணுல பட்டா முடிஞ்சிது. அதான் கூடையில வெச்சேன்."

"எங்ககிட்ட ஏண்ணே சொல்லல?"

"எப்படிச் சொல்ல? உன் வலை. நீ வனத்துறை ஆளு. அந்தப் பொண்ணு நோட்டுல எழுதிட்டா உன் நௌக்ரி, உன் வேலை என்னாகும்? ரெண்டு நாள்ல றெக்கை சரியாயிரும், விட்டுட்டா எவனுக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்." பிறகு தயக்கத்தோடு, "அதுக்குக் குட்டி இருக்குன்னு எனக்குத் தெரியாதும்மா. இது எந்தப் பறவைன்னு எனக்கென்ன தெரியும்? எல்லாம் ஒரே மாதிரி இருக்குது" என்றார்.

சாக்கை விலக்கிப் பார்த்தேன். மூக்குப் புடைப்பின் ஓரம் உடைந்திருந்தது.

அந்த நேரத்தில் என் மனத்தில் ஓடியதை மறைக்க விரும்பவில்லை. இப்போதே திறந்து விட்டுவிடலாம், ஆய்வாளரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், பறவை திரும்பி வந்தால் அவர் சந்தோஷப்படுவார், இரண்டு நாள் வரவில்லை, காரணம் தெரியவில்லை என்று நோட்டில் எழுதிக்கொள்வார் என்று நினைத்தேன். ஏட்டும் அதையேதான் சொன்னார். "விட்டுரும்மா. மாமலா கதம், விஷயம் முடிஞ்சிது." கூடையின் விளிம்பில் கை வைத்தேன். ஆனால் இறக்கை சரியாகிவிட்டதா என்று எனக்குத் தெரியாது. தப்பாக விட்டால் பறக்க முடியாமல் தரையில் விழுந்து கிடக்கும். பார்த்துச் சொல்லத் தெரிந்தவர் தீவிலேயே ஒருவர்தான்.

திரும்பவும் மலையேறினேன். முக்கால் மணி நேர ஏற்றத்தை எவ்வளவு நேரத்தில் ஏறினேன் என்று தெரியாது. மூச்சு வாங்க, "என் கொசுவலையில மாட்டிக்கிச்சு. கீழ இருக்கு. உசுரோட இருக்கு" என்றேன்.

ஆய்வாளர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. நோட்டையும் பென்சிலையும் என் கையில் கொடுத்தார். "நீங்களும் அங்கிளும் இங்கயே இருங்க. அது வெளிய வந்தா நேரத்த எழுதுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினார்.

அதன்பின் நடந்ததை ஏட்டு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் பறவையைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, ஆய்வாளர் இறக்கையை விரித்து எலும்பைத் தடவிப் பார்த்தாராம். எலும்பு முறியவில்லை, சுளுக்குதான், வீக்கம் வடிந்துவிட்டது என்றாராம். பப்பாளி மரத்தடியில் கொண்டுபோய் விட்டதும் அது தத்தித் தத்தித் தாழ்ந்த கிளை ஒன்றில் ஏறி, நெடுநேரம் இறகைக் கோதிக்கொண்டே உட்கார்ந்திருந்ததாம். "போடா, உன் பெண்டாட்டி காத்துட்டிருக்கா" என்று ஏட்டு கத்தினாராம். அதற்குப் பிறகுதான் பறந்ததாம்.

மேலே எங்களுக்கு எதுவும் தெரியாது. டொக், டொக் என்ற சத்தம் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. பிளவு இப்போது மூன்று விரல் அகலம். ஆய்வாளர் வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "பறந்துடுச்சு. இங்க வருமான்னு தெரியல" என்று மட்டும் சொன்னார். வெயில் சாயத் தொடங்கியது. அங்கிள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர்தான் முதலில் கண்ணைத் திறந்தார். அதற்குப் பிறகுதான் எனக்கும் கேட்டது, அந்தத் துணி உதறும் சத்தம். வழக்கத்தைவிட மெதுவாக.

பொந்தின் விளிம்பைப் பற்றிய கால்களில் ஒன்றில் நீல நூல் ஒரு சுற்றுத் தொங்கியது. தலையை ஆட்டியது. ஒரு பழம். உள்ளேயிருந்து மூக்கு முழுவதுமாக வெளியே வந்து பறித்துக்கொண்டது. நான் கோடு போட மறந்துவிட்டேன். ஆய்வாளர் என் முழங்கையை இடித்து, "எண்ணுங்க அக்கா, எண்ணுங்க" என்றார். அவரும் அழுதுகொண்டிருந்தார்.

மறுநாள் காலை பிளவின் அகலம் குறைந்திருந்தது. பெண் பறவை உடைத்த இடத்தைத் திரும்பப் பூசத் தொடங்கியிருந்தது.

அன்று ஆய்வாளர் நோட்டை என்னிடம் நீட்டினார். "ரெண்டு நாள் ஏன் வரலைன்னு எழுதணுமுங்க. நீங்களே எழுதுங்க." நான் எழுதினேன். முகாமில் காயப்போட்ட கொசுவலையில் சிக்கியது, வலை என்னுடையது என்று எழுதினேன். ஏட்டைப் பற்றி, சிக்கிய பறவையை அறுத்து மீட்டுத் தீனி கொடுத்துக் காப்பாற்றினார் என்று எழுதினேன். அதுவும் உண்மைதானே.

கப்பல் நான்கு நாள் தாமதமாக வந்தது. ரங்கத்துக்குத் திரும்பி அறிக்கையைத் தட்டச்சு செய்து அதிகாரியிடம் வைத்தேன். அவர் படித்துக்கொண்டே வந்து கொசுவலை பற்றிய பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். ஒரு வாரத்தில் எனக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை தயாரானது. அலுவலகத்தில் தட்டச்சு தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் அதையும் நானே தட்டச்சு செய்து, அனுப்புகைப் பதிவேட்டில் ஏற்றி, எனக்கே கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்தும் போட்டேன். விளக்கம் எழுதிக் கொடுத்தேன். எச்சரிக்கையோடு முடிந்தது. வீட்டுக்காரர் அதைக் கேட்டு ஒரு வாரம் சிரித்தார்.

அதற்குப் பிறகு எனக்கு நார்கொண்டம் போக வாய்ப்பு வரவில்லை. இரண்டு முறை விண்ணப்பித்தேன். களப்பணிக்கு ஆள் இருக்கிறார்கள் என்று பதில் வந்தது. அந்தப் பதில்களையும் நான்தான் பதிவேட்டில் ஏற்றினேன். ஆய்வாளர் இப்போது ஏதோ குளிர்தேசத்தில் இருக்கிறார், பொங்கலுக்கு மறக்காமல் செய்தி அனுப்புவார். அங்கிள் மாயாபந்தரில் பேரன் பேத்திகளோடு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். மத்தியானத்தில் அலுவலகம் வெறிச்சென்று இருக்கும்போது, மேஜையில் முழங்கையை ஊன்றி அந்தப் பாறைமேல் உட்கார்ந்திருந்த நாட்களை நினைத்துக்கொண்டிருப்பேன். ஒன்றும் செய்யாமல், ஒரு மரத்தையே பார்த்துக்கொண்டு.

நாங்கள் போய்வந்த அந்த வருடமே, மழைக்காலம் தொடங்கியதும் ஏட்டிடமிருந்து ஒரு போன் வந்தது. விடுப்பில் லம்பா லைனுக்கு வந்திருந்தார்.

"பொட்டை அடைப்ப உடைச்சிட்டு வெளிய வந்திருச்சும்மா. நானே ஏறிப் போய்ப் பாத்தேன். இந்த வயசுல அந்த ஏத்தம், மூட்டு போச்சு."

"குஞ்சு அண்ணே?"

"அதுவும் வந்துச்சு. முதல் தடவ கீழ வரைக்கும் பறந்து வந்து எங்க கிச்சன் கூரை மேல விழுந்துச்சு. தகரம் வழுக்கி, சறுக்கி, நேரா தண்ணி டிரம்முல தொபுக்குனு. நான் கைய விட்டுத் தூக்குறேன், மூக்கு உடைஞ்சவனும் பொட்டையும் மேல உக்காந்து என்னத் திட்டுது பாரு, அப்படி ஒரு கத்தல். வெளிய வெச்சதும் ஈரத்தோட ஒரு நாழி நின்னுச்சு, அப்புறம் எகிறிப் போயிருச்சு."

"நல்லாப் பறந்துதா?"

"நல்லாவா? கோணல்மாணலாத்தான் பறந்துச்சு" என்றார். "ஆனா போய்ச் சேந்துருச்சு."